உம்மாவின் வளையல்களும் ஒரு மாத ரயில் சீட்டும்

என் மகள் அடுத்த மாதம் மேற்படிப்பிற்காக நெதர்லாந்து செல்கிறாள். வீட்டின் கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. ஒன்றில் அவளுடைய துணிமணிகள். மற்றொன்றில் அவளுடைய தாயார் திணித்துக்கொண்டே இருக்கும் மசாலாப் பொட்டலங்கள். சென்ற வெள்ளிக்கிழமை இரவு உணவிற்குப் பிறகு அவள் என்னருகில் வந்து அமர்ந்தாள். "வாப்பா! நீங்கள் படிக்கும்போது ரயிலிலேயே பல நாடுகளைச் சுற்றி வந்தீர்களாமே! எல்லாவற்றையும் எனக்குச் சொல்லுங்கள்" என்றாள்.

பாரிஸ், கொர்தோவா, மிலான் என்னும் பெயர்களை அவள் சிறு வயதிலேயே என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பயணத்திற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையை மட்டும் நான் அவளிடம் சொன்னதில்லை. அன்றிரவு சொன்னேன். பயணம் புறப்படும் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

கழற்றி வைத்த வளையல்கள்

எங்கள் ஊர் கீழக்கரை. வாப்பா ஒரு சங்குக் கடையில் கணக்கு எழுதி வந்தார்கள். 1996ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆகன் நகரில் பொறியியல் மேற்படிப்பிற்கு எனக்கு இடம் கிடைத்தது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கேட்கவில்லை. ஆயினும் விமானச் சீட்டு வேண்டும். முதல் சில மாதங்களுக்கு அறை வாடகையும் உணவுச் செலவும் வேண்டும். குளிருக்குக் கம்பளி உடை வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்க வாப்பா எந்நிலையிலும் உடன்படமாட்டார்கள்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மா தம் கைகளிலிருந்த நான்கு வளையல்களையும் சோப்பு நுரை தடவிக் கழற்றி, ஒரு தட்டில் வைத்து வாப்பாவின் முன்னே தள்ளினார்கள். எட்டுப் பவுன் பெறுமானமுள்ள அவ்வளையல்கள், உம்மாவின் நிக்காஹின்போது என் உம்மம்மா போட்டுவிட்டவை. வாப்பாவின் சிற்றப்பா மகன் அவற்றை ஈடாகப் பெற்றுக்கொண்டு இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வட்டி இல்லை, பத்திரமும் இல்லை. "என் மகளுக்குக் கல்யாணம் கூடி வரும்போது கொடுங்கள், போதும்" என்பதே அவர்கள் இட்ட ஒரே நிபந்தனை.

இராமநாதபுரம் நிலையத்தில் சென்னை செல்லும் மீட்டர் கேஜ் வண்டி புறப்படும்வரை உம்மா தம் கைகளை வெள்ளைத் துப்பட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வெறுங்கையை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

யானை வந்து சேர்ந்த நகரம்

ஆகன், ஜெர்மனியின் மேற்கு விளிம்பில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் வந்து தொட்டுக்கொள்ளும் இடத்தில் உள்ள நகரம். மன்னர் சார்லமேன் தலைநகராகக் கொண்டிருந்த ஊர். பக்தாதிலிருந்து கலீபா ஹாரூன் அல் ரஷீத் அவருக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். அபுல் அப்பாஸ் என்னும் பெயருடைய அந்த யானை கடல் கடந்து, இத்தாலியில் குளிர்காலத்தைக் கழித்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, கி.பி. 802ஆம் ஆண்டு ஆகனை வந்தடைந்தது. அந்த யானையைப் பற்றிப் படித்த நாள் முதல் அவ்வூர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

படிப்போடு ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவ உதவியாளனாகவும் வேலை பார்த்தேன். அறையில் நானே சமைத்து, நடந்தே கல்லூரி சென்று, இரண்டாம் ஆண்டின் முடிவில் 1,500 மார்க் சேர்த்துவிட்டேன். அக்காலத்தில் ஒரு மார்க் ஏறத்தாழ இருபத்து மூன்று ரூபாய். உம்மாவின் வளையல்களை மீட்க 1,100 மார்க் போதும்.

அதே வேளையில் என்னுடன் படித்தோர் கோடை விடுமுறைப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். இன்டர்ரயில் என்றொரு சீட்டு உண்டு. அது 1972ஆம் ஆண்டு 21 வயதிற்குட்பட்ட இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் வயது வரம்பு 26 ஆக உயர்ந்தது. ஒரே சீட்டு, ஒரு மாதம், பல நாடுகள். ஐரோப்பாவில் ஆறு மாதங்களுக்கு மேல் வசிக்கும் அயல்நாட்டு மாணவரும் அதை வாங்கலாம். அத்துடன், 1985இல் கையெழுத்தான ஷெங்கன் உடன்படிக்கை 1995 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஜெர்மனியில் தங்கும் அனுமதி பெற்றிருந்த என்னால் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் தனி விசா இல்லாமலேயே போக முடியும். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. இன்னும் இரண்டு ஆண்டுகளில் வயதும் போய்விடும், படிப்பும் முடிந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

1998 ஜூலையில் வாப்பாவின் கடிதம் வந்தது. நலம் விசாரிப்புகளுக்குப் பிறகு கடைசியில் இரண்டே வரிகள். "சிற்றப்பா வீட்டுப் பிள்ளைக்குச் செப்டம்பரில் நிக்காஹ் முடிவாகியுள்ளது. உன்னால் இயலுமாயின் ஏதேனும் அனுப்பவும். இயலாவிடில் மனம் வருந்த வேண்டாம்."

பணம் என்னிடம் இருந்தது. ஆயினும் நான் எழுதிய பதில் இது. "ஆய்வுக்கூட ஊதியம் தாமதமாகிறது. அக்டோபரில் முழுத் தொகையையும் அனுப்பிவிடுகிறேன்." கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராக ரயில் நிலையத்திற்குச் சென்று இன்டர்ரயில் சீட்டை வாங்கினேன். இரண்டு மாதத் தாமதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாரிஸ்: தொழுகையும் இரவு வண்டியும்

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலைப்பொழுது புறப்பட்டேன். முதுகில் ஒரு பை. அதனுள் இரண்டு உடுப்புகள், தொழுகை விரிப்பு, திசைகாட்டி, ரொட்டி, மீன் டப்பாக்கள். கையில் தாமஸ் குக் நிறுவனத்தின் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை. 1873 முதல் வெளிவந்த அந்நூலை அந்நிறுவனம் 2013இல் நிறுத்தியது; பின்னர் வேறு சிலர் முன்வந்து தொடர்ந்து வெளியிடலாயினர். அக்காலத்தில் ரயிலில் சுற்றும் மாணவர்க்கு அதுவே கண்.

ரயில் பயணத்தின் பாடங்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். ஜெர்மன் நிலையங்களில் மஞ்சள் தாளில் இருப்பது புறப்படும் வண்டிகளின் நேரம். வெள்ளைத் தாளில் இருப்பது வந்து சேரும் வண்டிகளின் நேரம். வண்டியின் பெயரை மட்டும் பார்த்து ஏறக்கூடாது. நடுவழியில் வண்டி இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு நாட்டிற்கும் பின்பாதி மற்றொரு நாட்டிற்கும் போய்விடும். ஆகையால் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் படித்துவிட்டே ஏற வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் நாணயம் மாறும். பெல்ஜியத்திற்கு ஒரு பிராங்க், பிரான்சுக்கு வேறொரு பிராங்க், ஸ்பெயினுக்குப் பெசேட்டா, இத்தாலிக்கு லிரா. 2002ஆம் ஆண்டு யூரோ நோட்டுகள் புழக்கத்திற்கு வரும்வரை, மாற்றும் ஒவ்வொரு முறையும் பணம் கொஞ்சம் தேயும்.

பிரஸ்ஸல்ஸ் வழியாகப் பாரிஸ் சேர்ந்தேன். பகலெல்லாம் நடந்து நடந்து நகரைப் பார்த்துவிட்டு, மாலையில் பெரிய பள்ளிவாசலைத் தேடிச் சென்றேன். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரிழந்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றும் வகையில் கட்டப்பட்டு, 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளி அது. முப்பத்து மூன்று மீட்டர் உயர மினாரா, பச்சை ஓடுகள், நடுவே பூஞ்சோலை. கோடையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகிவிடும். மஃரிபைத் தொழுது, பயணி என்பதால் இஷாவையும் அதனுடன் சேர்த்துத் தொழுதுவிட்டு, நடந்தே ஆஸ்தர்லிஸ் நிலையம் சேர்ந்தேன். ஸ்பெயின் எல்லை வரை செல்லும் இரவு வண்டி அங்கிருந்துதான் புறப்பட்டது.

படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் உட்காரும் பெட்டியிலேயே இருந்துகொண்டேன். இரவு வண்டியில் சென்றால் விடுதி வாடகை மிச்சம் என்பது மாணவர்கள் எல்லோரும் அறிந்த சூத்திரம். சன்னலில் என் முகமே தெரிந்தது. தூக்கம் வரவில்லை. 'ஊதியம் தாமதமாகிறது' என்று நான் எழுதிய வரி மட்டும் தண்டவாளத்தின் தாளத்தோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தது.

எல்லையில் ஒரு கேள்வி

விடிந்தபோது ஸ்பெயின் எல்லையிலுள்ள இருன் நிலையத்தில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி வேறு வண்டிக்கு மாறினோம். பிரான்சின் தண்டவாளத்திற்கு அகலம் 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய தண்டவாளத்திற்கு 1,668 மில்லிமீட்டர். நம் நாட்டு அகல ரயில்பாதை 1,676. எட்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. திருச்சியில் மீட்டர் கேஜிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் அகல ரயிலுக்கு ஓடிப் பழகியவனுக்கு அந்தக் காலைப்பொழுது ஊர் நினைவையே தந்தது.

மத்ரித் செல்லும் வண்டியில் என் எதிரே ஒரு மொராக்கோ குடும்பம் அமர்ந்திருந்தது. பெரியவர், அவர் மனைவி, பிள்ளைகள் நால்வர், எண்ண முடியாத மூட்டைகள். நான் ஸலாம் சொன்னதும் அம்முகங்கள் மலர்ந்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. மூத்த மகள் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் எங்களுக்கிடையே மொழிபெயர்த்தாள். பெரியவர் வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கத்திற்கு ஆள் எடுத்தபோது இளைஞராக வந்தவர். அப்பகுதியின் கடைசிச் சுரங்கமும் 1990இல் மூடப்பட்டது. இப்போது வேறு வேலை. ஆயினும் கோடைதோறும் குடும்பத்துடன் ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து, தெற்கே அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் கப்பலேறி, தாயாரைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நண்பகலில் அந்த அம்மையார் ஒரு மூட்டையை அவிழ்த்து, வட்டமான ரொட்டியையும், உப்பில் ஊறிய எலுமிச்சையும் ஒலிவக் காயும் இட்டுச் சமைத்த கோழியையும் எடுத்தார். மறுக்க மறுக்க என் கையில் முதல் பங்கை வைத்தார். பல நாட்களாக மீன் டப்பாவிலேயே காலம் தள்ளியவனுக்கு அந்த உணவு அமிர்தமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்த பின் பெரியவர் மகள் மூலமாகக் கேட்டார். "உம்முடைய தாயார் நலமாக இருக்கிறார்களா?"

"அல்ஹம்துலில்லாஹ், நலம்."

"நீர் இன்று இந்த வண்டியில் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்" என்றேன். அவர்கள் வீட்டு உணவின் சுவை நாவில் இருக்கும்போதே அவர்களிடமும் பொய் சொன்னேன்.

கொர்தோவாவின் தூண்கள்

மத்ரித் நகரின் அதோச்சா நிலையத்தில் பழைய வண்டிக் கூடத்தை 1992இல் தென்னை போன்ற உயர்ந்த பனைகள் நிறைந்த தோட்டமாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஓரிரவைக் கழித்துவிட்டுக் கொர்தோவா சென்றேன்.

முதலாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 785 அளவில் தொடங்கிய பள்ளிவாசல். அவருக்குப் பின் வந்தோர் மேலும் மேலும் விரிவாக்கினார்கள். 1236இல் நகரம் கைமாறியதும் அது தேவாலயமாக்கப்பட்டது. 1523இல் அதன் நடுப்பகுதியைப் பிரித்துப் பெரிய தேவாலய மண்டபம் எழுப்பத் தொடங்கினார்கள். எஞ்சி நிற்பவை எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றுள் பல, ரோமர் காலக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நட்டவை. தூண்களின் மேலே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அமைந்த இரட்டை வளைவுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாக.

அங்கே தொழுவதற்கு அனுமதி இல்லை. இரண்டாம் ஹகம் காலத்தில் அமைத்த மிஹ்ராபின் பொன்வண்ணக் கற்களைக் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தேன். அங்கே நின்றால் வரலாறு நினைவுக்கு வரும், கண் கலங்கும் என்றெல்லாம் எண்ணிச் சென்றிருந்தேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதற்குக் காரணம் வரலாறு அன்று. அந்த வளைவுகளின் வரிசை, வளையல் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கோத்துவைத்த வளையல்களைப் போல எனக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து தொலைபேசிக் கூண்டு ஒன்றில் பெசேட்டா நாணயங்களைப் போட்டேன். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அடுத்த வீட்டு எண்தான். மணி ஒலிக்கும் ஓசை கேட்டது. யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

திருப்பி அனுப்பப்பட்டவன்

பார்சிலோனா, தென்பிரான்சின் கடற்கரை, ஜெனோவா என்று வண்டி மாறி மாறி மிலான் நகரை அடைந்தேன். 1931இல் திறக்கப்பட்ட அதன் மத்திய நிலையம் ஓர் அரண்மனையைப் போன்றது. அங்கிருந்து வடக்கே பாசெல் செல்லும் வண்டியில் ஏறினால், ஆல்ப்ஸ் மலையை 1882இல் குடைந்த பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள கொத்தார்டு சுரங்கத்தின் வழியாகப் போகலாம் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். ஏறிவிட்டேன்.

ஒரு மணி நேரத்திற்குள் கியாசோ நிலையம் வந்தது. சுவிட்சர்லாந்தின் எல்லைக் காவலர் ஒருவர் என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சர்லாந்து அன்று ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. 2008 டிசம்பரில்தான் அது சேர்ந்தது. எனக்கு அந்நாட்டு விசா வேண்டும், என்னிடம் இல்லை. அவர் கடிந்து பேசவில்லை. "அடுத்த வண்டியில் மிலானுக்குத் திரும்ப வேண்டும்" என்று மட்டும் சொல்லி, நடைமேடையில் ஒரு பெஞ்சைக் காட்டினார். தவறு முழுவதும் என்னுடையது. கால அட்டவணையைப் புரட்டிய நான் விசா விதிகளைப் புரட்டவில்லை.

பெட்டியிலிருந்த மற்றவர்கள் சன்னல் வழியே என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதின் யானை தாண்டிய மலையை என்னால் தாண்ட முடியவில்லை என்று எண்ணிச் சிரிக்க முயன்றேன். சிரிப்பு வரவில்லை. உலகத்தைச் சுற்றிவிட்டோம் என்று இறுமாந்திருந்த எனக்கு, கையில் உரிய தாள் இல்லையென்றால் எவ்வளவு சிறியவன் ஆகிவிடுகிறோம் என்பது அந்தப் பெஞ்சில் விளங்கியது. அத்துடன் இன்னொன்றும் விளங்கியது. எல்லைக் காவலரிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை, சொன்னாலும் பலிக்காது. என் சொல்லைச் சோதித்துப் பாராமல் அப்படியே நம்பும் இரண்டு பேரிடம்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு மிலான் நிலையத்தில் உட்கார்ந்து வாப்பாவிற்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஊதியம் தாமதமாகவில்லை என்பதையும், பணம் என்னிடமே இருந்தது என்பதையும், அதை எங்கே எப்படிச் செலவழித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். உம்மாவுக்கென்று தனியே ஒரு தாளில், பார்த்த ஊர்களையும் மொராக்கோ அம்மையார் கொடுத்த கோழியையும் எழுதினேன். மறுநாள் வெரோனாவில் வண்டி மாறும்போது அக்கடிதத்தை அஞ்சலில் சேர்த்தேன். அங்கிருந்து 1,370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர் கணவாயைத் தாண்டி, இன்ஸ்புருக், மியூனிக், கொலோன் வழியாக ஆகன் வந்து சேர்ந்தேன். சீட்டின் கடைசி நாள் அது. பையில் பதினாறு மார்க் இருந்தது.

இரண்டு கடிதங்கள்

அறையில் வாப்பாவின் வான்கடிதம் காத்திருந்தது. என் ஒப்புதல் கடிதம் போய்ச் சேருமுன்பே எழுதியது. "வளையல் விஷயம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இனி நினைக்க வேண்டாம். படிப்பில் கவனமாக இருக்கவும்." வாப்பா எங்கோ பணம் புரட்டி மீட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரங்களில் அடுத்த கடிதம் வந்தது. கண்டிப்பு ஒரு வரியும் இல்லை. "உண்மையை எழுதியதற்கு அல்லாஹ் உனக்கு நன்மை தருவானாக" என்று வாப்பா எழுதியிருந்தார்கள். அதன் கீழே, உம்மா சொல்லச் சொல்ல லாத்தா எழுதிய வரிகள். "எலுமிச்சை ஊறுகாயைக் கோழிக் கறியில் போடுவார்களா? அதில் மிளகாய் இருக்காதா? அந்தப் பெண்பிள்ளைக்கு எத்தனை மக்கள்?"

அடுத்த எட்டு மாதங்களில் 1,100 மார்க்கையும் சிறுகச் சிறுக அனுப்பினேன். வாப்பா பெற்றுக்கொண்டதாக எழுதுவார்கள். வேறொன்றும் எழுத மாட்டார்கள்.

2000ஆம் ஆண்டு படிப்பை முடித்து ஊர் திரும்பினேன். முதல் நாள் பகல் உணவிற்கு உம்மா ஒரு புதிய கறி வைத்தார்கள். வீட்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாயை அலசி, கோழியோடு சேர்த்துச் சமைத்திருந்தார்கள். "அந்த ஊர்க்காரப் பொம்பளை வச்ச மாதிரி இருக்கா, வாப்பா?" என்று கேட்டபடியே என் தட்டில் பரிமாறினார்கள். பரிமாறிய கையில் வளையல் இல்லை. மறுகையிலும் இல்லை.

லாத்தாதான் பின்னர் சொன்னார்கள். ஆகஸ்டு மாதம் கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது சிற்றப்பா மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றாராம். அவர்மீது எந்தக் குறையும் இல்லை. இரண்டு ஆண்டுகள் பொறுத்தவர். உம்மாவே சம்மதித்து வளையல்களை விற்கச் சொன்னார்களாம். விற்ற பணத்தில் தம் கடன்போக மிஞ்சிய சிறு தொகையையும் அவர் எண்ணி வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டாராம். நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நான் பாரிஸில் நடந்துகொண்டிருந்த நாள் அது.

அன்றிரவு உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "வளையல் போச்சுன்னு நான் அழலே. ஊதியம் வரலேன்னு நீ எழுதினதைப் படிச்சுட்டு, புள்ளை பட்டினி கிடக்கானோன்னு ரெண்டு வாரம் அழுதேன். அதைத்தான் வாப்பா செய்யாம இருந்திருக்கலாம்" என்றார்கள். அதன் பின், "சரி, அந்த ஊர்களை எல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றார்கள். இராமநாதபுரத்திற்கு அப்பால் அதிகம் சென்றறியாத உம்மாவுக்கு நான் நான்கு இரவுகள் அந்தப் பயணத்தைச் சொன்னேன்.

2001இல் என் சம்பாத்தியத்தில் நான்கு வளையல்கள் வாங்கிப் போட்டேன். மகிழ்ச்சியோடு அணிந்துகொண்டார்கள். ஆனால் அவை என் உம்மம்மாவின் கை பட்டவை அல்ல. உம்மா 2011இல் வஃபாத்தானார்கள். அவ்வளையல்களில் இரண்டு இப்போது என் மகளின் கைகளில் இருக்கின்றன.

மகளுக்குச் சொன்னவை

எல்லாவற்றையும் கேட்டு முடித்த என் மகள், "அப்படியானால் நான் அங்கே ஊர் சுற்றக் கூடாது என்கிறீர்களா, வாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அந்த ஒரு மாதம் எனக்குக் கற்றுத் தந்ததை எந்த வகுப்பறையும் கற்றுத் தந்ததில்லை. இன்று பயணம் எளிதாகவும் ஆகிவிட்டது. கால அட்டவணை முழுவதும் அவளுடைய கைபேசிக்குள் இருக்கிறது. கியாசோவில் என்னை இறக்கிவிட்ட காரணம் இன்று இல்லை. 2016 இறுதியில் ஜெர்மன் ரயில்வே தன் படுக்கை வண்டிகளை நிறுத்தியபோது, ஆஸ்திரிய ரயில்வே அவற்றுள் பலவற்றை ஏற்று நடத்தி, இரவுப் பயணத்திற்குப் புத்துயிர் கொடுத்தது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பதினெட்டு வயதை எட்டும் தன் இளைஞர்களில் பல்லாயிரவரைத் தேர்ந்தெடுத்து இலவச ரயில் சீட்டே வழங்குகிறது. நம் இராமநாதபுரத்தின் மீட்டர் கேஜும் 2007இல் அகலப் பாதையாகிவிட்டது.

"போ, பார், நாலு மனிதர்களோடு அமர்ந்து சாப்பிடு. எந்த நாட்டு எல்லைக்குள் என்ன தாள் வேண்டும் என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள். பணம் குறைந்தால் குறைந்தது என்று சொல். பணம் இருந்தால் இருக்கிறது என்று சொல். சுற்றிப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றால் அதையும் சொல். அன்று நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால், உம்மா 'போய்ட்டு வா' என்றுதான் சொல்லியிருப்பார்கள்" என்றேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் உண்மையைச் சொல்லும்போது, அது நமக்குப் பிடிக்காத உண்மையாக இருந்தாலும், முதலில் அந்த உண்மைக்காக ஒரு துஆ செய்யுங்கள். வாப்பா எனக்கு எழுதிய அந்த ஒற்றை வரி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என்னைக் காத்து வருகிறது.

மகள் எழுந்துபோய்த் தன் பெட்டியைத் திறந்து, எதையோ எடுத்து ஓரமாக வைத்து இடம் பண்ணினாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "உம்மா, அந்த எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியையும் கொடுங்கள்" என்றாள்.